மாமியாருக்கு நாலு மூடி மருந்து

எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் மிஞ்சியது ஒரே ஒரு மீன்தான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். தொட்டி நிறைய மீன்கள் இருந்தபோது யார் எங்கே நீந்தலாம், யார் முதலில் சாப்பிடலாம் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்யும். அதனால் மாமியார் என்று பெயர் வைத்திருந்தேன். என் அசல் மாமியாருக்கு இது தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

எல்லாம் என் வீட்டுக்காரர் வாங்கி வந்த ஒரு நீல மீனால் வந்த வினை. "கொஞ்ச நாள் தனியா வெச்சுப் பாத்துட்டு அப்புறம் விடுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "நல்லாத்தானே இருக்கு" என்று நேராகத் தொட்டியில் விட்டார். அதோடு வந்த ஒட்டுண்ணி எல்லா மீனுக்கும் பரவிவிட்டது. உடம்பெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. கடைசியில் மாமியாரின் வாலிலும் புள்ளி வந்துவிட்டது. பகலெல்லாம் நான் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்க, கண்ணாடியோரம் வந்து நின்று என்னையே பார்க்கிற ஜீவன் அது ஒன்றுதான். அதையும் இழக்க என்னால் முடியாது.

இதற்கு மருந்து செம்புக் கரைசல். பெரிய தொட்டியில் ஊற்றினால் இறாலும் பவளமும் செத்துவிடும். அதனால் மாமியாரை ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றிக் குளியலறையில் வைத்தோம். அந்தத் தண்ணீருக்கு மொத்தம் நாலு மூடி மருந்து. குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது, கூடினால் மீனே செத்துவிடும். காலையில் அவர் இரண்டு, சாயங்காலம் நான் இரண்டு என்று ஏற்பாடு.

அன்று அவர் தன் மருந்துக்கடையை மூடிவிட்டு வந்ததும் வராததுமாக, "ஊத்திட்டியா?" என்றார்.

"ஆச்சு. மூணு மூடி."

"மூணா? ரெண்டுதானே சொன்னேன்!"

"நீங்க காலையில ஒண்ணுதான் ஊத்தியிருப்பீங்க. எனக்கு ஜுரம்னாலே பாதி மாத்திரை குடுக்கற ஆளாச்சே! அதான் சேத்து ஊத்தினேன்."

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒண்ணுன்னு உனக்கு யார் சொன்னா? ரெண்டும் ஊத்தினேன்!"

இரண்டும் மூன்றும் ஐந்து; ஒரு மூடி கூடிப்போச்சு. துணி வெட்டும்போது எப்போதும் கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டுகிற கை இது. துணியென்றால் பிறகு மடித்துத் தைத்துக்கொள்ளலாம். தண்ணீரில் விழுந்த மருந்தை என்ன செய்வது? ஓடிப்போய்ப் பார்த்தேன். மாமியார் ஒரு மூலையில் ஒதுங்கி, செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"நானே கொன்னுட்டேனே!" என்று அழுதுவிட்டேன்.

"அழாத. தண்ணிய சோதிச்சுப் பாத்துடலாம்" என்றார். மனுஷர் அதிசயமாக நிதானமாக இருந்தார்.

சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். வெளிர் நீலம் வந்தால் அளவு சரி, கருநீலம் வந்தால் போச்சு. குழாயை அவர் கையிலிருந்து பிடுங்கி, விளக்கு வெளிச்சத்தில் வண்ண அட்டையோடு சேர்த்துப் பிடித்தேன். வெளிர் நீலம். இம்மி பிசகவில்லை.

அப்படியென்றால் தண்ணீரில் இருப்பது நாலே மூடி. அதில் மூன்று என்னுடையது. திரும்பிப் பார்த்தேன். அவர் மருந்து பாட்டிலின் லேபிளை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, எத்தனை மூடி?"

"ஒண்ணுதான்" என்றார் லேபிளைப் பார்த்தபடியே. "ரெண்டாவது ஊத்த மனசு வரல. சின்ன உடம்பு, பாவம்."

வேறு நாளாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். அன்று அழுகையும் சிரிப்புமாகக் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். புருஷன் சொன்னது பொய் என்று தெரிந்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

போகப்போகப் புள்ளிகள் உதிர்ந்தன. ஒருநாள் தீனி போடப் போன என் விரலை மாமியார் நறுக்கென்று கடித்தது. வலித்தாலும் உயிரே திரும்பி வந்தாற்போல் இருந்தது.

"உங்கள நம்பி ரெண்டே ஊத்தியிருந்தா இது இன்னிக்கு இருந்திருக்குமா?" என்று அவரிடம் கேட்டேன்.

"அதான் சொல்றேன்" என்றார் அவர். "எப்பவும் இப்படியே இரு. என்னை நம்பிடாத."