லயத்து வீட்டு டிவி

பாலாமணிக்கு அந்த சீரியலில் வரும் ஒருத்தியின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரிப் பெண்கள் வார்டில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். மாலை ஏழரை ஆனதும், தொடையில் கம்பி மாட்டிக் காலைத் தூக்கிக் கட்டியிருந்த நிலையிலும், தலையணைக்கு அடியில் துழாவிப் போனை எடுத்து மகளைக் கூப்பிடுவது அவள்தான். அவள் பார்த்தது கதையை அல்ல, வெளிச்சத்தை. சேரங்கோட்டுக்கு அப்பால், எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், வேலைக்காகத் தன் பெயருக்கு ஒதுக்கிய வீட்டில் ஆள் இருக்கிறது, விளக்கு எரிகிறது என்பதை.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து அந்த எஸ்டேட் ஓரம் ஓரமாகச் செத்துக்கொண்டிருந்தது. ஃபாக்டரிப் புகைபோக்கி வாரத்தில் பாதி நாள் சும்மா நின்றது. கவாத்துச் செய்யாத செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து மரமாகப் பார்த்தன. ஆட்கள் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் போனார்கள்; பாலாமணியின் மருமகனும் திருப்பூரில் ஒரு கம்பெனியில் இருந்தான். பூட்டிக் கிடக்கும் வீட்டை எஸ்டேட் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டதும் முதல் வேலையாகக் கூரைத் தகட்டைக் கழற்றிவிடுவார்கள், வேறு யாரும் குடி புகாதபடிக்கு. பாலாமணியின் லயத்தில் பாதி வீடுகளுக்குள் மழை நேராக இறங்கியது.

கொழுந்துக் கூடையோடு அவள் மழைத்தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்து, ஜீப்பில் ஏற்றப்பட்டபோது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, சின்னக் குழந்தையோடு தன்னிடமே இருந்த மகள் சுவாதியிடம் சொன்னது ஒன்றுதான்.

"நான் வர்ற வரைக்கும் வீடு பூட்டக் கூடாது புள்ள. அந்தியானா லைட்டு எரியணும்."

சின்னப் பிள்ளையாக இலங்கையில் கண்டியிலிருந்து பெட்டி படுக்கையோடு கப்பலேறி வந்தவள் அவள். பிறந்த நாட்டை அவளைக் கேட்காமலே யாரோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு மாற்றினார்கள். இன்னொரு தரம் பெட்டி தூக்க அவள் தயாராக இல்லை.

கூடலூரில் அந்த ஆஸ்பத்திரி பள்ளத்துக்குள் இருந்தது. கனத்த கற்சுவர், போனில் ஒரு கோடு டவர்கூட எடுக்காது. ஆஸ்பத்திரி வைஃபை மட்டும்தான். அதிலும் வாட்ஸ்ஆப்பில் பேசலாம், படம் பார்க்க முடியாது. சினிமாவோ சீரியலோ எதைத் தொட்டாலும் சிவப்பு எழுத்தில் 'அனுமதி இல்லை' என்று வந்து நின்றது. பக்கத்துக் கட்டில் வேலாமணி, தேவாலாவில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மனைவி, மகன் கிருத்திக்கை வரவழைத்து, ஏதோ வெளிநாட்டு வழியாகச் சுற்றிப் போகும் ஆப் ஒன்றைப் போடவைத்தாள். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் அதையும் அடைத்துவிட்டார்கள்.

"நோயாளிக்கு ஓய்வு வேணுமாமாங்க," என்றாள் வேலாமணி. "கல்லடைப்பு வந்தவ கூரையப் பாத்துட்டே கெடந்தா கல்லு கரைஞ்சுருமுங்களா?"

அந்த அடைப்பைத் தாண்ட வழி கண்டுபிடித்தது சுவாதி. தினமும் அந்தியில் பாலாமணி வீடியோ காலில் கூப்பிட்டு, "அடுப்பக் காட்டு, கதவக் காட்டு, கூரை ஒழுகுதான்னு காட்டு" என்று வீட்டையே சுற்றிக் காட்டச் சொல்வாள். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் சுவாதி சலித்துக்கொண்டாள். "எத்தன நாளைக்கும்மா இதையே காட்டறது? டிவிக்கு முன்னால போன வச்சுடறேன். நாடகம் பாத்த மாதிரியும் ஆச்சு, வீட்டப் பாத்த மாதிரியும் ஆச்சு."

வீடியோ கால்தானே, வைஃபைக்கு என்ன தெரியும்? நீலத் தகரப்பெட்டி, அதன்மேல் பூப்போட்ட துணி, துணிமேல் டிவி. எல்லாம் பாலாமணியின் சாமான்கள். மறுநாளே வார்டு மொத்தமும் அவள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தது. குளுக்கோஸ் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

"படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனா சத்தம் பாருங்க, கணீர்னு!" என்று எல்லோரும் மெச்சினார்கள். பாலாமணிக்குப் பெருமையாக இருந்தது. ஆடி மழையில் லயத்துத் தகரக் கூரைக்குக் கீழே பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது என்பது, அந்தப் பெருமையில் அவளுக்கு உறைக்கவில்லை.

உறைத்தது மரகதம் வந்த அன்றைக்கு. அதே எஸ்டேட்டில் அடுத்த டிவிஷனில் கொழுந்து பறிப்பவள்; மஞ்சள் காமாலை என்று மத்தியானம் சேர்த்திருந்தார்கள். ஏழரைக்கு எல்லோரும் கூடியதும் அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். நாடகத்தில் மாமியாரைக் கூண்டில் ஏற்றியிருந்தார்கள்.

"இது எங்க ஓடுது?"

"எங்க வீட்டுலதான்," என்றாள் பாலாமணி. "என் மக வச்சுருக்கா."

"லயத்து வீட்டுலயா?" மரகதம் சிரித்தாள். "நாலு நாளா அந்தப் பக்கமே கரண்டு இல்லியே. மரம் விழுந்து போஸ்ட்டு சாஞ்சு கெடக்கு. போனு சார்ஜ் போட நாங்க சேரம்பாடிக் கடைக்குப் போறோம். உங்க மகளுக்கு மட்டும் தனிக் கரண்டா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாலாமணி திரையையே பார்த்தாள். பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது டிவி. அத்தனை நாள் அவள் வயிற்றில் பால் வார்த்த அந்த வெளிச்சம் இப்போது கண்ணைக் கரித்தது.

"சுவாதி."

பாலாமணி போனை வாயருகே இழுத்தாள்.

"சுவாதி, போனத் திருப்பு. கதவக் காட்டு."

"நாடகம் ஓடுதும்மா. அவங்கல்லாம் பாக்கறாங்க."

"கதவக் காட்டுடி."

"ஏனுங்கக்கா, ஒரே நிமிசம்," என்று வேலாமணி அவள் கையைத் தொட்டாள். "ஜட்ஜ் தீர்ப்புச் சொல்லப் போறாருங்க. அப்புறமா கதவப் பாத்துக்கலாம்."

டிவிக்குப் பின்னாலிருந்து, படம் அசையாமல், சுவாதியின் குரல் மட்டும் வந்தது. "திருப்பூர்ல இருக்கோம்மா. அவரு கம்பெனியிலயே எனக்கும் வேல வாங்கிக் குடுத்துட்டாரு."

"எப்பருந்து?"

"டிவி காட்ட ஆரம்பிச்சதுலருந்து."

நீலப்பெட்டியையும் பூத்துணியையும்கூட எடுத்துக்கொண்டு போய், அதே மாதிரி அடுக்கிவைத்திருக்கிறாள். பாலாமணிக்கு அதுதான் முதலில் வலித்தது.

"வீடு பூட்டியா கெடக்கு?"

"ராவுல ஆனை வந்து பக்கத்து வீட்டுச் சுவத்த இடிச்சுதும்மா. லயத்துல நானும் பாப்பாவும் மட்டுந்தான். கத்துனா கேக்க ஆளில்ல. உனக்கு அந்தியில லைட்டு எரிஞ்சா போதும். ராத்திரி முழுக்க உள்ள இருந்தது நாந்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த..."

"சொன்னா விட்டுருப்பியா?"

விட்டிருக்கமாட்டாள் என்பது பாலாமணிக்கே தெரியும். தெரிந்ததால் கோபம் கூடியது. "எஸ்டேட்டு வீட்ட எடுக்கறதுக்குள்ள நான் வந்துருவேன். மேனேஜரு தொரகிட்டச் சொல்லி..."

"சாவிய ஆபீசுல குடுத்துட்டேன்."

"யாரு வீட்டுச் சாவிய யாரு குடுக்கறது?"

"உன்னால இனி மல ஏற முடியாதும்மா. உன்னச் சேத்த அன்னிக்கே டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டாரு. வேல இல்லன்னா வீடும் இல்ல. நான் குடுக்காட்டி அவங்களே எடுத்துருப்பாங்க."

காலைத் தூக்கிக் கட்டியிருந்த கயிறு லேசாக ஆடியது. ஒவ்வொரு நாளும் டாக்டர் அந்தக் காலைத் தட்டிப் பார்த்து, "எலும்பு அருமையா சேருதும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். சுற்றி நின்றவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவர்கள் கண்கள் திரையில் இருந்தன. அங்கே நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

பாலாமணி போனை அணைத்தாள்.

"அய்யோ!" என்று வார்டே கூவியது.

"உங்க மகமேல இருக்கற கோவத்த எங்கமேல காட்டுனா நாயமுங்களா?" வேலாமணிக்கு நிஜமாகவே மனம் ஆறவில்லை. "ஊடு போனது போச்சு. ஒரு தீர்ப்பு கேட்டுட்டாவது வெச்சிருக்கலாம்."

மரகதம் மட்டும் கட்டில் ஓரத்தில் நின்று, "நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்" என்றாள்.

"நீ சொல்லாட்டி நான் இன்னும் பாத்துக்கிட்டே கெடந்திருப்பேன்," என்றாள் பாலாமணி. அதை நன்றியாகச் சொன்னாளா, குறையாகச் சொன்னாளா என்று மரகதத்துக்கு விளங்கவில்லை.

மறுநாள் ஏழரைக்குள் வேலாமணி தன் வீட்டில் ஏற்பாடு செய்துவிட்டாள். தேவாலாக் கடைக்குப் பின்கட்டில் கிருத்திக் டிவிக்கு எதிரே போனைச் சாய்த்துவைத்தான். கூட்டம் பக்கத்துக் கட்டிலுக்கு இடம் மாறியது. குளுக்கோஸ் கம்பங்களும் மாறின. முதுகுகளுக்கு இந்தப் பக்கம் பாலாமணி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அப்போது அவள் போன் அடித்தது. சுவாதி. இத்தனை நாளில் முதல்முறையாக அவளாகவே கூப்பிடுகிறாள். பாலாமணி அது அடித்து ஓயட்டும் என்று பார்த்தாள், ஓயவில்லை. எடுத்தாள். யாரும் பேசவில்லை. முகம் இல்லை. நேற்றுப்போலவே டிவி ஓடிக்கொண்டிருந்தது. மகள் போனைச் சாய்த்துவைத்துவிட்டு எங்கேயோ நகர்ந்துவிட்டிருந்தாள்.

பாலாமணி போனைக் கம்பளிமேல் குப்புறக் கவிழ்த்தாள். அணைக்கவில்லை. வேலாமணியின் போனில் மாமியார் அழுதாள். ஒரு நொடி கழித்து, கம்பளிக்குள்ளிருந்து, அதே அழுகை மறுபடியும் வந்தது.

"ரெண்டு சத்தமா கேக்குதுங்க," என்று திரும்பாமலே சொன்னாள் வேலாமணி. "ஒண்ண நிறுத்துங்கக்கா."

பாலாமணி கம்பளியை இழுத்துப் போனின்மேல் இன்னொரு மடிப்புப் போட்டாள்.