கழுத்து வரை பெட்ரோல்

நான் பழிவாங்கினேன். சொல்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் கிடையாது. என் வீட்டுக்காரரையும் ஒரு கார் சர்வீஸ்காரரையும் ஒரே காலையில், ஒரே சிக்னலில் வைத்துப் பழிவாங்கினேன்.

நாற்பத்தொரு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். அதற்கு முன்னால் லேக் மார்க்கெட் வீட்டிலிருந்து சால்ட் லேக் செக்டர் ஃபைவ் ஆபீசுக்கு ஆட்டோ, பஸ், மறுபடி ஆட்டோ என்று பன்னிரண்டு வருஷம் இடிபட்டிருக்கிறேன். போன வருஷம் துர்கா பூஜைக்கு முன்னால் பெரிய எஸ்யூவி ஒன்று வாங்கினோம். பெட்ரோல் வண்டி, கியர் மாற்றி ஓட்டுவது. வாரத்தில் ஐந்து நாளும் அது என் கையில்தான். போகிற வழியில் பெண் அனன்யாவைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவேன். பதினாறு வயதுப் பெண் வீட்டில் வாயே திறப்பதில்லை. காரில் ஏறினால் மட்டும் அந்த இருபது நிமிஷம் தமிழும் வங்காளமும் கலந்து கொட்டுவாள். எனக்கு ஆபீஸ் சம்பளத்தைவிட அந்த இருபது நிமிஷம் பெரிது.

ஏழெட்டு மாதம் வண்டி ஒழுங்காக ஓடியது. ஜூன் மாதம் ஒரு காலையில் ராஷ்பிஹாரி சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். வண்டி போகலாமா வேண்டாமா என்று யோசித்தது. இரண்டு முறை குலுங்கியது, அணைந்துவிட்டது. பின்னால் மினிபஸ் கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தை அடி அடியென்று அடித்தான். மறுபடி ஸ்டார்ட் செய்தால் இருமிவிட்டு நின்றது. நாலாவது முறைதான் கிளம்பியது.

வீட்டில் சொன்னேன். என் கணவர் வெங்கடராமன் டீ கம்பெனியில் பெரிய அதிகாரி. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "க்ளட்சை மெள்ள விடு, மது. எத்தனை தடவை சொல்றது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டினார். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. "பாத்தியா?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

இன்னொரு முறை நின்றது. திங்கட்கிழமை சர்வீஸ் சென்டரில் விட்டோம். அங்கே கௌசிக் என்று ஒருவர், வங்காளி, எப்போதும் சிரித்த முகம். இரண்டு நாள் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள், பைபாஸில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. வண்டியை ஓட்டுவது நான், நின்றது என்று சொன்னது நான். ஆனால் கௌசிக் பேசியதெல்லாம் என் கணவரிடம். "தாதா, வண்டியில் ஒரு குறையும் இல்லை. பௌதியின் கால் கொஞ்சம் அவசரப்படுகிறது." தாதா என்றால் அண்ணன், பௌதி என்றால் அண்ணி. அந்த அண்ணி நான்தான். இருவரும் சிரித்தார்கள். ஜாப் கார்டில் 'கோளாறு இல்லை. டிரைவர் ஹேபிட்', அதாவது ஓட்டுகிறவர் பழக்கம், என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு அது குடும்ப ஜோக் ஆகிவிட்டது. மது கால் பட்டால் புது வண்டியும் படுத்துவிடும் என்று என் கணவர் சபா கேன்டீனில் சொன்னார், ஃபிளாட் லிஃப்ட்டில் சொன்னார். சென்னையில் இருக்கும் தன் அக்கா அன்னபூரணிக்கு ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னார், நான் பக்கத்தில் கறிகாய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே.

மூன்றாவது முறை நின்றபோதும் அதே ஜோக்தான். நாலாவது முறை கரியாஹாட் முனையில் நின்றது. சுற்றிலும் ஹாரன். அனன்யா கதவைத் திறந்தாள். "மா, எல்லாரும் பாக்கறா. நான் நடந்தே போய்க்கறேன்." திரும்பிப் பார்க்காமல் போனாள். திங்கட்கிழமையிலிருந்து அவள் மெட்ரோவில். என் இருபது நிமிஷம் போயிற்று.

அன்று சாயங்காலமே என் கணவர் முடிவு பண்ணிவிட்டார். "சூசைராஜ்னு ஒரு டிரைவர், நம்ம ஆபீஸ்ல சொன்னா. இந்தத் திங்கள் விட்டு அடுத்த திங்கட்கிழமைலேர்ந்து வர்றான். சாவியை அவன்கிட்ட குடுத்துடு."



செக்டர் ஃபைவில் என் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஒரு சமாசாரம் எப்போது உடைகிறது, உடைவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று குறித்து வைத்து வயிறு வளர்ப்பவள். ஆபீசில் செய்வதை வீட்டுக்கு ஏன் செய்யவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். வண்டி நின்ற நாலு தேதிகளையும் எழுதினேன். நாலும் வெள்ளிக்கிழமை.

எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை எனக்குத் தெரியாதா? என் கணவர் வீட்டு வழக்கம், வெள்ளிக்கிழமை எதுவும் குறையாக இருக்கக்கூடாது. அரிசி டப்பா, உப்பு ஜாடி, குத்துவிளக்கில் எண்ணெய், எல்லாம் தளும்பத் தளும்ப இருக்க வேண்டும். கார் வந்த பிறகு பெட்ரோல் டேங்கும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, ஏழு மணிக்கு அவரே வண்டியைப் பெட்ரோல் பங்குக்கு எடுத்துப் போவார். பம்ப் 'டக்'கென்று தானாக நின்ற பிறகும் விடமாட்டார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்பார். வண்டியைப் பிடித்துக் குலுக்குவார். டேங்கின் கழுத்தில் பெட்ரோல் பளபளவென்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் மூடியைப் போடுவார். எட்டு மணிக்கு அந்த வண்டியை நான் எடுப்பேன்.

புதன்கிழமை மத்தியானம், ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து டேஷ்போர்டு அறையைத் திறந்தேன். வண்டியோடு கொடுத்த கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. உறைமேல் மஞ்சளும் குங்குமமும் காய்ந்திருந்தன. வண்டி வந்த அன்று பூஜையில் வைத்துப் பொட்டு இட்டதோடு சரி, எங்கள் வீட்டில் ஒருத்தரும் அதைப் படிக்கவில்லை. நகத்தால் கிழித்தேன். பெட்ரோல் நிரப்புவது பற்றிய பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. பம்ப் தானாக நின்ற பிறகு மேற்கொண்டு நிரப்பாதீர்கள். நாளடைவில் அதிகப்படிப் பெட்ரோல், ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் போய்விடும். எஞ்சின் தயங்கும், அணையும். அப்படி அணைந்தால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யவும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அது எரிந்து தீர்ந்துவிட்டதால்தான் அவர் ஓட்டியபோது வெண்ணெய். காருக்குள் தனியாகச் சிரித்தேன். செக்யூரிட்டி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? "ஓ, அப்படியா" என்று பேப்பரைப் புரட்டுவார். ஊர் சிரித்தது சிரித்தபடியே இருக்கும். அது எனக்குப் போதாது.

வியாழக்கிழமை அன்னபூரணி அக்கா சென்னையிலிருந்து வந்தார். மறுநாள் காலை காளிகாட் போக ஏற்பாடு. "நானே ஓட்டறேன் அக்கா, நிம்மதியா போலாம்" என்றார் என் கணவர், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு. நான் கௌசிக்குக்குப் போன் செய்தேன். வண்டியை டிரைவரிடம் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு முறை எங்களோடு வண்டியில் வந்து பாருங்கள், என் கணவர்தான் ஓட்டுவார் என்று கெஞ்சினேன். கெஞ்ச எனக்கு நன்றாகவே வரும். தாதா ஓட்டுகிறார் என்றதும் உடனே ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை என் கணவர் பங்குக்குக் கிளம்பும்போது வாசல்வரை போய், "நன்னா ரொப்பிண்டு வாங்கோ. அக்கா வந்திருக்கா, குறையா இருக்கக்கூடாது" என்றேன். அவருக்குப் பரம சந்தோஷம்.

முன்னால் அவரும் கௌசிக்கும், பின்னால் அக்காவும் நானும். ராஷ்பிஹாரி சிக்னல். பச்சை விழுந்தது. வண்டி யோசித்தது. குலுங்கியது. அணைந்தது.

ஸ்டார்ட் செய்தார், இருமி நின்றது. மறுபடி செய்தார், மறுபடி நின்றது. பின்னால் மூன்று பஸ். ஒரு கண்டக்டர் தகரத்தை அடித்தான். அந்தச் சத்தம் எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது. என் கணவரின் கழுத்துப் பின்புறம் வியர்த்து வழிந்ததைக் கண்குளிரப் பார்த்தேன். டிராஃபிக் சார்ஜென்ட் எங்களை நோக்கி நடந்து வந்தார்.

நான் முன்னால் குனிந்து, மிருதுவாக, "க்ளட்சை மெள்ள விடுங்கோ. எத்தனை தடவை சொல்றது?" என்றேன்.

அக்கா களுக்கென்று சிரித்துவிட்டார்.

கௌசிக் சிரிக்கவில்லை. அவர் முகம் மாறியிருந்தது. "தாதா, இது கால் இல்லை" என்றார் வங்காளத்தில். நான் கையேட்டை நீட்டினேன், பக்கம் மடித்து வைத்திருந்தது. படித்தார். "வண்டிக்குப் பெட்ரோல் போடுவது யார்?" என்று கேட்டார்.

 அக்காவுக்கு வங்காளம் தெரியாது. நான் தமிழில் சொன்னதும், "இவன்தான். வேற யாரு? சின்ன வயசுலேயே இவன் காபி டம்ளரை ரொப்பி ரொப்பி எங்கம்மா தரை துடைச்சே ஓஞ்சு போனா" என்றார்.

நான் இறங்கி டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன். "இறங்குங்கோ" என்றேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. இறங்கிப் பின்னால் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் க்ளட்சையும் ஆக்சிலரேட்டரையும் அடிவரை மிதித்து ஸ்டார்ட் செய்தேன். புஸ்ஸென்று கறுப்புப் புகை விட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. சார்ஜென்ட் கையை வீசி வழி விட்டார்.

காளிகாட் சந்து முனையில் நிறுத்தினேன். பையிலிருந்து பழைய ஜாப் கார்டை எடுத்துக் கௌசிக் மடியில் வைத்தேன், மேலே ஒரு பேனா.

"அடித்துவிடுகிறேன், பௌதி. தப்பாக எழுதிவிட்டேன்" என்றார்.

"அடிக்க வேண்டாம். டிரைவர் ஹேபிட் என்று நீங்கள் எழுதியது சரிதான். பக்கத்தில் டிரைவர் பேரை மட்டும் எழுதுங்கள்."

கௌசிக் பின்னால் திரும்பிப் பார்த்தார். என் கணவர் ஜன்னல் வழியாகப் பூக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கௌசிக் பேரை எழுதி, தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டார்.

சூசைராஜ் வர வேண்டாம் என்று என் கணவரே போன் பண்ணிச் சொன்னார். கரி டப்பாவை மாற்றி வண்டியைத் திருப்பித் தந்தார்கள். இப்போது வெள்ளிக்கிழமை பங்குக்கு நான் போகிறேன், முதல் 'டக்'கிலேயே மூடியைப் போட்டுவிடுகிறேன். அரிசி டப்பா அவர் பொறுப்பு.

வண்டி திரும்பி வந்த பிறகு முதல் திங்கட்கிழமை காலை அனன்யா வந்து முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டாள். ராஷ்பிஹாரியில் பச்சை விழுந்தது. வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"மா, பாபா பங்க்ல நெஜமாவே வண்டியைப் பிடிச்சு குலுக்குவாரா?"

"ஆமா, உங்கப்பாதான்" என்று ஆரம்பித்து, இருபது நிமிஷமும் ஒன்று விடாமல் சொன்னேன்.