விக்டரின் சாவியும் என் சாவியும்

ராக்கப்பன் என்னைக் கண்டாலே கையெடுத்துக் கும்பிடுறான். "ஜெயசீலா, நீயும் விக்டரும் இல்லேன்னா என் உமாராணி தாலி அறுத்திருப்பா"ங்கிறான். போடா மடையான்னு கத்தணும் போல இருக்கு. தலையை மட்டும் ஆட்டிட்டு நகர்ந்துடுறேன்.

ரெண்டாயிரத்து ஆறு, ஆகஸ்ட் வெயில். அஜ்மான்ல ஒரு கப்பல் ரிப்பேர் யார்டு. கப்பலோட அடித்தொட்டிக்குள்ள ஆளை இறக்கித் துரு சுரண்டுவோம். வேலை முடிஞ்சதும் தொட்டியில கடல்தண்ணி நிரப்புற வால்வுக்கு ரெண்டு பூட்டு; ரெண்டையும் திறந்தாத்தான் தண்ணி வரும். ஒரு சாவி தொட்டி வாசல்ல காவல் நிக்கிற எங்கிட்ட, இன்னொண்ணு இன்ஜினியர் விக்டர்கிட்ட. இறங்கினவன் அத்தனை பேரும் ஏறி வந்ததைக் கண்ணால பார்த்த பிறகுதான் பூட்டுல கை வைக்கணும்.

விக்டர் முன்ன ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்தவரு. அது வயித்துக்குள்ள பதினாறு அணு ஏவுகணை. ஒவ்வொண்ணும் ஒரு ஊரையே சாம்பலாக்கிடும். அதை ஏவவும் ரெண்டு சாவியாம்; ஒண்ணு கேப்டனுக்கு, ஒண்ணு இவருக்கு. ஒருநாள் உத்தரவு வந்துச்சு. ஒத்திகையா நிஜமான்னு யாரும் சொல்லல. சாவியைத் திருப்பிட்டாரு. நாலு நிமிஷம் கழிச்சுத்தான் ஒத்திகைன்னு தெரிஞ்சிருக்கு.

"அந்த நாலு நிமிஷம் நான் கொலைகாரன், பாய். இன்னும் அதுலதான் இருக்கேன்"னு ஓட்டை ஹிந்தியில சொல்வாரு. மத்தியானம் நிழல்ல கண்ணயர்ந்தா அவரோட வலது கை மட்டும் மெல்லத் திரும்பும். "அட, ஒண்ணும் நடக்கலியே!"ன்னு நான் சிரிச்சிருக்கேன்.

அன்னைக்குத் தொட்டிக்குள்ள இறங்கினது ஆறு பேர். சாயங்காலம் மேனேஜர் வயர்லெஸ்ல கத்தினான். "எல்லாரும் வெளிய வந்தாச்சு, வால்வைத் திற. யல்லா, சீக்கிரம்!" இறங்கினவங்க கார்டு மாட்டுற பலகையைப் பார்த்தேன், காலி. ஆளை எண்ணல. உத்தரவு வந்துச்சு, என் பூட்டைத் திறந்துட்டேன்.

விக்டர் தன் சாவியைக் கைக்குள்ள மூடிக்கிட்டாரு. "ஆறு பேர் முகத்தையும் காட்டு." மேனேஜர் கெட்ட வார்த்தையில திட்டினான். வேலை போயிடும் விக்டர், திறங்கன்னு நானும் கெஞ்சினேன். ஐயோ, நான்தான் கெஞ்சினேன்! எண்ணினா அஞ்சு முகம்தான்.

தொட்டிக்குள்ள இருமல் சத்தம். மறந்து வச்ச சுத்தியலை எடுக்க, நான் அசந்த நேரம் கார்டு மாட்டாமலே மறுபடி இறங்கியிருக்கான் ராக்கப்பன்.

விக்டர் என்னைத் திட்டல. வாயைப் பிளந்து கிடந்த என் பூட்டை மாட்டி, யாரும் பார்க்குமுன்ன அமுக்கிவிட்டாரு. அடுத்த மாசம் ஊருக்குப் போனவரு திரும்பி வரல. என் பூட்டு திறந்து கிடந்தது இப்ப எனக்கு மட்டும்தான் தெரியும்.

ரூமுல ராக்கப்பன் தன் தட்டு மீனை எடுத்து, "சாப்பிடுடா"ன்னு நீட்டுறான். வாங்கப் போறேன். என் வலது கை தானா திரும்புது.