பதில் சொல்லாத கன்சோல்

"தொட்டி வழியுது, மோட்டார நிறுத்து" என்று சொல்லிவிட்டுத்தான் யோகேஸ்வரன் வண்டியை எடுத்தான். உமையாள் ஈரக் கையோடு போய்ச் சுவிட்சைத் தட்டினாள். உச்சிப்புளியில் கேபிள் கட்டு வந்து இறங்கியிருந்தது. அதை எடுத்துவரப் போனவன், பாம்பன் பாலத்தைத் தாண்டிய பிறகு ஒரு வளைவில் எதிரே வந்த சுற்றுலா வேனோடு முடிந்துபோனான். அவன் செல்போன்கூட உருப்படியாகக் கிடைக்கவில்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் உமையாள் தங்கச்சிமடத்துக் கடையைத் திறந்தாள். வீடுகளுக்கும் லாட்ஜுகளுக்கும் இன்டர்நெட் கொடுக்கும் கடை. கணவன் மனைவி இரண்டு பேருமே முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள். கடலோடு ஒட்டும் உறவும் இல்லாமல் இந்தத் தீவுக்கு வந்து, அவன் கம்பம் கம்பமாய்க் கேபிள் இழுக்க, அவள் வாடிக்கையாளர்களின் திட்டுகளைப் போனில் வாங்கிக்கொள்ள, அப்படி வளர்ந்த தொழில் அது. கம்பம் ஏறக் காஜா நவாஸ் இருந்தான். விசைப்படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்து, கடல் ஒத்துக்கொள்ளாமல் கரையேறியவன்.

அன்று காலையில் ஊர் முழுக்க இன்டர்நெட் நின்றது. மதுரையிலிருந்து இணைப்புக் கொடுக்கும் கம்பெனி தன் பக்கத்து முகவரி எண்களை மாற்றிவிட்டது. முன்னறிவிப்பு யோகேஸ்வரனின் மெயிலுக்குப் போயிருக்கிறது. புதிய எண்ணை ரூட்டருக்குள் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ரூட்டருக்குள் நுழையும் கடவுச்சொல் அவனோடு போய்விட்டது.

"கவலையே படாதீங்க மேடம்" என்றார் கம்பெனிக்காரர். "நாளைக்குக் காலையில எங்க எஞ்சினியர் வருவார். பழசை எல்லாம் அழிச்சுட்டு எங்க செட்டிங்கைப் போட்டுடுவார். அப்புறம் உங்க கஸ்டமர்களை நாங்களே பாத்துப்போம்."

அந்த "நாங்களே" உமையாளுக்கு நன்றாகவே புரிந்தது. எந்தத் தெருவுக்கு எந்த வழி, எந்த லாட்ஜுக்கு எவ்வளவு வேகம் என்று அவன் வருடக்கணக்காக அந்தப் பெட்டிக்குள் கட்டிவைத்தது அத்தனையும் போகும். கூடவே கடையும் போகும். விடிவதற்குள் அவள் உள்ளே நுழைந்தாக வேண்டும்.

அவளோடு பரமக்குடியில் கல்லூரியில் படித்த சத்யப்பிரியா சென்னையில் இதே வேலையில் இருந்தாள். உமையாள் அவளைப் போனில் கூப்பிட்டாள்.

"கன்சோல்னு எழுதின துளை இருக்கும் பாரு, அதுல நேரடியாக் கம்பி சொருகு. கடவுச்சொல் தெரியாட்டியும், பெட்டி எந்திரிக்கும்போதே மடக்கி உள்ள போயிரலாம். ஒண்ணும் அழியாது."

நீலநிறத் தட்டைக் கேபிள் அலமாரியில் இருந்தது. அதை யுஎஸ்பி மாற்றியில் பொருத்தி லேப்டாப்பில் சொருகினாள், மறுமுனையை ரூட்டரின் துளைக்குள் தடவி அழுத்தினாள். கறுப்புத் திரை திறந்தது. என்டரைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. திரும்பத் திரும்பத் தட்டினாள்.

"செத்த மீனு கண்ணு மாதிரில்ல முழிக்கிது மதினி" என்றான் காஜா.

"நீ சும்மா கெட."

லேப்டாப் எந்த வழி எண்ணில் பேசுகிறது என்று பார்த்து மாற்றினார்கள். இல்லை. பேசும் வேகத்தைக் கூட்டினாள், குறைத்தாள். இல்லை. இடையில் ராமேஸ்வரத்து லாட்ஜிலிருந்து மீனம்மாள் கூப்பிட்டாள்.

"ஏத்தா உமையா, வடக்க இருந்து வந்தவுக வரவேற்புல நின்னுக்கிட்டு உசுர எடுக்குறாக. எனக்கு இந்தி வேற தெரியல. என்னன்னு சொல்ல?"

"சாயந்தரம் வந்துரும்னு சொல்லுங்கக்கா."

"அத எந்தப் பாஷையில சொல்ல?"

மீனம்மாள் வைத்ததும், லைனில் காத்திருந்த சத்யப்பிரியா சொன்னாள்: "ஒண்ணொண்ணாக் கழிச்சுக்கிட்டு வருவோம்டி. மாத்தியிலருந்து கேபிளக் கழத்து. மாத்தியோட ரெண்டாவது ஊசியையும் மூணாவது ஊசியையும் ஒரு வயர்த்துண்டால சேத்துப் பிடி. இப்ப ஏதாவது அடி. அடிச்சது திரும்பி வந்தா லேப்டாப்பு மேலயும் மாத்தி மேலயும் தப்பில்ல."

காஜா வயரைப் பிடித்துக்கொண்டான். உமையாள் ஓர் எழுத்தை அடித்தாள். அதே எழுத்து திரையில் வந்தது. பதில் இல்லை அது, எதிரொலிதான். ஆனாலும் காலையிலிருந்து அந்தத் திரையில் வந்த முதல் எழுத்து. அவள் ஒரு வரி முழுக்க அடித்துப் பார்த்தாள்.

கேபிளையும் அதேபோல நுனியில் சோதித்தார்கள். அதுவும் சரி. மிச்சம் இருந்தது ரூட்டர்தான்.

"துளைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு. பித்தளை ஊசி வரிசையாத் தெரியணும்" என்றாள் சத்யப்பிரியா.

உமையாள் குனிந்து பார்த்தாள். ஊசி எதுவும் தெரியவில்லை. துளை முழுக்க மஞ்சளாக, தூசி படிந்து மெழுகுபோல் இறுகிய ஏதோ அடைத்திருந்தது. சுரண்டி முகர்ந்தாள்.

"கிரீஸ் மாதிரி இருக்கே?"

காஜா டார்ச்சை அணைத்தான். பிறகு எதற்கு அணைத்தோம் என்று தெரியாமல் திரும்பப் போட்டான்.

"மதினி... போன மழைக்கு முன்னாடி அண்ணன் சொன்னாக, உப்புக் காத்து ஏறாமப் பாத்துக்கடான்னு. சும்மா கெடக்குற துளை எல்லாத்துலயும் நான்தான் அப்புனேன்."

"இதுலயா?"

"விசைப்படகுல பேட்டரி முனைக்கு அப்படித்தான மதினி தடவுவோம்? அதுல துருவே பிடிக்காது."

போனில் சத்யப்பிரியா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். "இருவது வருஷ சர்வீஸ்காரங்க கேட்டாக்கூட நம்ப மாட்டாங்கடி. ஏன் தம்பி, மீன் வறுக்க எண்ணெய் ஊத்தலையா அதுல?"

"அக்கா, நீங்க மெட்ராஸ்ல ஏசியில இருக்கீக. இங்கன வந்து ஒரு மாசம் இருங்க, உங்க தோடு துருப்பிடிக்கும்."

உமையாளும் சிரித்தாள். சிரித்த பிறகுதான், அவன் போனதிலிருந்து இதுவரை சிரிக்கவே இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

பக்கத்துச் செல்போன் கடையில் போர்டு கழுவும் திரவம் வாங்கிவந்தான் காஜா. பழைய பல் பிரஷில் தொட்டுத் தொட்டு அவனே துடைத்தான். வேறு யாரையும் விடவில்லை. ஓர் ஊசி மட்டும் பச்சை பிடித்திருந்தது. அதையும் சுரண்டினான். காய்ந்ததும் கேபிளைச் சொருகினார்கள். திரையில் கட்டமும் கேள்விக்குறியுமாய்க் கொட்டியது.

"வருதுடி, ஏதோ வருது! ஆனா படிக்க முடியல."

"வேகத்த நீதான மாத்தித் தொலைச்ச? ஒம்போதாயிரத்து அறுநூறுல வையி."

வைத்தாள். எழுத்துகள் தெளிந்து வரிசையில் நின்றன. ரூட்டர் கடவுச்சொல் கேட்டது.

மின்சாரத்தை நிறுத்திப் போட்டு, அது விழிக்கும்போதே இடைமறித்தாள். சேமித்து வைத்ததைப் படிக்காமல் எழுந்திரு என்று கட்டளை கொடுத்தாள். அப்படியே எழுந்தது, எதையும் கேட்கவில்லை. தன் பெயரை வெறும் "ரூட்டர்" என்று சொல்லிக்கொண்டது. பிறந்த பிள்ளைபோல அதற்கு ஒன்றும் தெரியாது.

"இப்பத்தான் உமை கவனமா இருக்கணும்" சத்யப்பிரியாவின் குரல் மாறியிருந்தது. "சேமிச்சு வச்சத எடுத்து, ஓடுறதுல போடணும். தலைகீழாப் போட்டேன்னு வையி, இந்த வெறும் பெட்டி பழசு மேல ஏறி உக்காந்துரும். எல்லாம் போச்சு. அடிச்சத எனக்கு வாசிச்சுக் காமி. அப்புறம் தட்டு."

உமையாள் அடித்தாள். வாசித்தாள். எது முதலில், எது பின்னால் என்று விரலை வைத்துப் பார்த்தாள். காஜா உதட்டுக்குள் பிஸ்மி சொன்னான். தட்டினாள்.

"ரூட்டர்" என்ற பெயர் போய், தங்கச்சிமடத்தைச் சுருக்கி யோகேஸ்வரன் வைத்த "டிமடம்" வந்து நின்றது.

ரூட்டரிலிருந்து தெருவுக்கும் லாட்ஜுக்கும் போகும் ஒவ்வொரு வாசலையும் தனியே திறந்துவிட வேண்டியிருந்தது. அப்போதுதான் வாசலுக்கு வாசல் அவன் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்திருந்த குறிப்புகளைப் பார்த்தாள். 'மீனம்மா அக்கா லாட்ஜ், கூட்ட நாளில் வேகம் கூட்டு.' 'சர்ச் தெரு, வேம்பு வெட்டினால் கேபிள் பார்.' 'சுலைகா டீச்சர், பரீட்சை நேரம், நிறுத்தாதே.' கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தாள். புதுக் கடவுச்சொல் வைத்தாள், புது எண்ணைப் போட்டாள், அடுத்த முறை ஒழுங்காக எழும்படி மாற்றினாள், சேமித்தாள். பச்சை விளக்குகள் துடிக்கத் தொடங்கின.

கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு, நாளைக்கு யாரும் வர வேண்டாம் என்றாள். கடவுச்சொல் இல்லாமல் புது எண்ணை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டார். "கிரீஸ் எடுத்தோம் சார்" என்றாள். அவருக்குப் புரியவில்லை.

காஜா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மதினி, மணி தப்பாக் காட்டுது பாருங்க. இங்கன பொழுது சாஞ்சிருச்சு, அதுல உச்சி வெயிலு."

இந்திய நேரத்தை யோகேஸ்வரன் போடாமலே விட்டிருக்கிறான். வெளிநாட்டு நேரத்திலேயே ஓடவிட்டு, ஐந்தரை மணியை மனத்துக்குள் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

"சரி பண்ணிருவோமா? ஒரு வரிதான் மதினி" என்றாள் சத்யப்பிரியா, காஜாவைப் போலவே பேசி.

"வேணாம். கூட்டிப் பாத்துக்குறேன்" என்றாள் உமையாள்.

தங்கச்சிமடத்து ரூட்டர் இன்றும் ஐந்தரை மணி நேரம் பின்னால்தான் ஓடுகிறது.