காது வில்லையோடு பிறந்தவர்கள்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொல்கிறவன் நாக்கு அழுகட்டும். அந்த இறைச்சி மாட்டுப் பண்ணையில் கன்றுகள் காதில் மஞ்சள் அடையாள வில்லையோடுதான் பிறந்தன. வில்லையில் எண்ணும் இருந்தது, முந்தின கன்றுக்கு அடுத்த எண். குத்துகிற வேலை மிச்சம் என்று தொழுவத்து ஆட்கள் சந்தோஷப்பட்டார்கள். முதலாளிக்கோ தலைகால் புரியவில்லை. எல்லாம் பெரிய காளையின் ரத்தம் என்றார். அதன் அப்பன், பாட்டன் படங்களைப் பார்த்துத்தான் அதை வாங்கியிருந்தார்; காளையை முன்னாலிருந்து பார்த்ததோடு சரி, குனிந்து பார்க்கத் தொப்பை விடாது. சினை பிடிப்பது பரம்பரைக் குணம், தாய்க்கு வராதது மகளுக்கும் வராது என்பது அவருடைய மகா கண்டுபிடிப்பு. சினைப் பருவம் முடிந்ததும் மாட்டு டாக்டர் கையை விட்டுப் பார்ப்பார். வயிறு காலியான மாடு கசாப்புக்கு லாரியேறும்.

“பரம்பரை அதுல கொஞ்சூண்டுதாங்க. மீதியெல்லாம் தீனி” என்பார் மாட்டு டாக்டர்.

“உன்னப் படிக்க வச்சது தண்டச் செலவுய்யா” என்பார் முதலாளி.

முதலாளி வீட்டுக்கு மருமகள் வந்து வருஷங்களாகியும் வயிறு திறக்கவில்லை. அவள் அம்மாவுக்கு ஒரே பிள்ளை, பெரியம்மாவுக்கு அதுவுமில்லை. முதலாளி அர்த்தத்தோடு தலையாட்டிக்கொண்டார். மகன் வாயே திறக்காத ரகம். அந்தக் குணம் எந்தப் பரம்பரை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிவிட்டார்: “இந்தப் பருவத்துக்குள்ள ஒண்ணும் தங்கலேன்னா பொட்டியக் கட்டிக்கோ. மாட்டோட லாரியிலேயே ஏறிக்கலாம், தனி வண்டி எதுக்கு?”

எல்லாரும் தின்று எழுந்தபின் மிச்சத்தை வழித்துத் தின்கிறவள் அவள். “ஏத்துங்க மாமா. அதுக்கு முன்னால, மாட்டுக்குக் கொட்டறதுல பாதியாவது எனக்குப் போட்டுப் பாருங்க” என்றாள்.

முதலாளி குலுங்கிச் சிரித்தார். மறுநாளிலிருந்து அவள் தொழுவத்துக்குப் போய், சினைமாடுகளோடு வரிசையில் நின்று, தொட்டியிலிருந்து தீவனத்தை அள்ளித் தின்றாள். மாடுகள் நகர்ந்து இடம் விட்டன. அந்த வீட்டில் அதுவரை யாரும் காட்டாத மரியாதை. லாரி வருவதற்குள் அவளுக்கு மசக்கை வந்துவிட்டது.

பையன் காதில் மஞ்சள் வில்லையோடு பிறந்தான், கடைசிக் கன்றுக்கு அடுத்த எண்ணில். முதலாளி வில்லையைத் துடைத்துப் பார்த்து, “பாத்தியாய்யா, நம்ம பெரிய காளையோட ரத்தம்!” என்று டாக்டரிடம் கூவினார். தான் சொன்னது என்னவென்று அவருக்கு இன்றுவரை உறைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்த எண்ணைச் சொல்லித்தான் பையனைக் கூப்பிடுகிறார்கள். மருமகள் இப்போது முதல் ஆளாய் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

அந்தப் பெரிய காளைக்கு, பண்ணைக்கு வரும் முன்பே காயடித்திருந்தார்கள்.