ராணிக்குளத்துப் புலி

ராணிக்குளத்தை வெட்டியது எந்த ராணியும் இல்லை. தேயிலை ஃபெக்டரிச் சக்கரம் சுற்றத் தண்ணீர் வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரத் துரை எங்கள் ஆட்களை வைத்து வெட்டிய குளம் அது. ஆனால் கரையில் இப்போது நிற்கும் பலகையோ வேறு கதை சொல்கிறது. பகைவருக்குப் பயந்து ஓடிவந்த ஒரு ராணி நகைநட்டோடு அதில் குதித்தாளாம். அவள் வளர்த்த புலி இன்றைக்கும் விடியற்காலையில் கரையைச் சுற்றிவந்து அவளைத் தேடுகிறதாம். மூன்று மொழியில் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு மொழியிலும் ராணிக்கு ஒவ்வொரு பெயர்.

பலகை மேல் எனக்குக் கோபமில்லை. ராணி எத்தனை பேர் வேண்டுமானாலும் குதித்துவிட்டுப் போகட்டும். என் கவலையெல்லாம் பீலிக்கரையைப் பற்றித்தான். குளத்துத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழும் அந்த இடம்தான் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் குடிக்க, குளிக்க, துவைக்க. நான் சிவானுஜா, பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகள் என் பொறுப்பு. கழுவ வேண்டிய பின்பக்கங்கள் பொழுது முழுக்க வந்துகொண்டே இருக்கும். தண்ணீர் இல்லாமல் அந்த உத்தியோகத்தை எந்த ராணியாலும் பார்க்க முடியாது.

குளத்துக்கு மேலே இருந்த பழைய துரை பங்களாவை இந்திரஜித் முதலாளி எடுத்து, வனவிலங்கு பார்க்கும் விடுதியாக்கினார். பதுளையில் பரம்பரையாகப் புடைவைக்கடை வைத்திருக்கும் குடும்பம். எங்கள் கல்யாணப் புடைவையெல்லாம் அவர்கள் கடைதான். விடுதிக்கு வருகிறவர்கள் பச்சை உடுப்பும் கழுத்தில் தூரக்கண்ணாடியுமாக, யுத்தத்துக்குப் புறப்பட்டவர்களைப் போல் விடியற்காலையில் குளக்கரைக்கு வந்து உட்காருவார்கள். ஹாலிஎலையிலிருந்து வரும் வழிகாட்டி ஹுமைத் அவர்களுக்கு ஒரு நீர்க்காகத்தைக் காட்டுவான். பிறகு அதே நீர்க்காகத்தை வேறொரு மரத்தில் காட்டுவான். அதிர்ஷ்டம் இருந்தால் குரங்கு. எங்கள் கூரைத் தகரத்தில் குதிக்கிற குரங்குகளைப் பார்க்க வாங்க, பிளேன்டீயும் தருகிறோம் என்று நான் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை.

ஒருநாள் முதலாளி நேராகப் பீலிக்கரைக்கே வந்துவிட்டார். நாங்கள் துவைத்துக்கொண்டிருந்தோம்.

"நீங்க துணிய அடிக்கிற சத்தத்துல ஒரு மிருகமும் வருதில்ல. புலி வரும்னு சொல்லித்தான் ஆளுங்களக் கூப்பிடுறேன். இந்த மாசத்துக்குள்ள ஒரு புலி கண்ணுல படலேன்னா பீலிய மூட வேண்டியதுதான். தோட்டத்துத் தொரைகிட்டப் பேசிட்டேன்," என்றார்.

"புலிகிட்டப் பேசிட்டீங்களா மொதலாளி?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். பூவம்மா அக்கா என் தொடையில் கிள்ளினாள். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடி?"

பூவம்மா அக்காதான் எங்கள் லயத்தில் மூத்த கொழுந்துக்காரி. அவளுடைய புருஷன் வடிவேல் அண்ணன் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிவிடும் வேலை. அதைவிடப் பெரிய வேலை அவருக்கு மாசி மாதத்தில் உண்டு. எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் ஒரு புலி வரும். வேறு தோட்டத்தில் உண்டா தெரியாது, எங்களுக்கு உண்டு. உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, கரிக்கோடு போட்டு, வாலைக் கட்டிக்கொண்டு அவர் பாய்ந்து வந்தால் கைக்குழந்தைகள் பயத்தில் பால்கூடக் குடிக்காது. முதலாளி மிரட்டிவிட்டுப் போன அன்று இரவு அவருக்குச் சோறு வைத்துக்கொண்டே அக்கா சொன்னாளாம்: "ஒரு காலையில மட்டும் மூடுபனியில அந்தப் பக்கம் போயிட்டு வாங்க. பீலி நெலைக்கும்."

வடிவேல் அண்ணன் கையை உதறிவிட்டார். "இந்த நாட்டுல நம்மாளு ஒருத்தன புலின்னு சொன்னா என்ன நடக்கும்னு தெரியாதா ஒனக்கு?"

"அது அந்தப் புலி. நீங்க ராணி வளத்த புலி."

தண்ணீர் என்றால் யாருக்குத்தான் பிடிவாதம் நிற்கும். மறுநாள் பனி இறங்கியிருந்தபோது அண்ணன் போனார். எதிர்க்கரையில் நாலு காலில் நடந்தார், தண்ணீரில் வாய் வைத்தார், ஒருதரம் உறுமினார், புதருக்குள் மறைந்தார். அவ்வளவுதான். வந்திருந்தவர்களில் ஒரு அம்மா அழுதேவிட்டாள். ஹுமைத் பயந்துபோய் அவர்களுக்கு முன்னால் ஓடினான்.

ஆனால் நாங்கள் ஒரு காரியத்தை யோசிக்கவே இல்லை. எங்கள் காட்டில் புலி என்று சொல்வது சிறுத்தையை; அதற்குப் புள்ளிதான் உண்டு. கூத்தில் வருகிற புலிக்குக் கோடு. வடிவேல் அண்ணனுடைய தாத்தா காலத்திலிருந்து அதற்குக் கோடுதான். அண்ணன் காலையில் எழுந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, கைப்பழக்கத்தில் கோடு போட்டுக்கொண்டு போயிருக்கிறார். எங்களுக்கும் அது தப்பாகவே தெரியவில்லை. புலி என்றால் எங்கள் கண்ணுக்கு அதுதான் புலி.

இலங்கையில் இல்லாத வரிப்புலி பதுளைப் பக்கத்தில் தண்ணீர் குடிக்கிற படம் விடுதியிலிருந்து ஊரெல்லாம் போனது. கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். படத்தை வைத்துக்கொண்டு, இது சிறுத்தைதான், புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாகிவிட்ட அபூர்வ இனம், இளம் ஆண், நல்ல போஷாக்கோடு இருக்கிறது என்றார். வடிவேல் அண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. போஷாக்கைப் பற்றிப் பூவம்மா அக்கா சொன்னதை எழுத முடியாது.

நாங்கள் பீலி தப்பியது என்று பாயாசம் காய்ச்சிக் குடித்த மறுநாள் குளத்தையும் பீலியையும் சேர்த்து வேலி போட ஆள் வந்தது.

நான் ஈரக் கையோடு ஓடினேன். முதலாளி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"புலி கண்ணுல பட்டா பீலிய விட்டுருவோம்னு சொன்னீங்களே?"

"அப்ப புலி இருக்கல. இப்ப இருக்கே. இந்தத் தண்ணி இனிமே மிருகங்களுக்குத்தான். ஒங்க பாதுகாப்புக்கும் சேத்துத்தான் சொல்றேன் தங்கச்சி. மனுசவாடை பட்டா அது வராது."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. நாங்களே குழி வெட்டி, நாங்களே இறங்கி, மண்ணையும் நாங்களே தள்ளிக்கொண்டோம். அன்றிலிருந்து தண்ணீருக்கு ரோட்டோரத்து ஓடைக்குப் போனோம். லொறிகள் கழுவுகிற ஓடை. ஏறி வருவதற்குள் பாதி சிந்திவிடும். மிச்சத்தை வடிகட்டிக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அப்படியும் காம்பராவில் பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். கழுவத் தண்ணீர் இல்லாத நேரத்தில்தான் அதுவும் வரும். ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். அதன் தாய் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

வடிவேல் அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று விடுதிக்குப் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"மொதலாளிக்கு மொதல்லயே தெரியுமாம். படத்துல என் காலு செருப்போட விழுந்திருக்கு. அவருதான் அத வெட்டிட்டு அனுப்பிருக்காரு," என்றார்.

"அப்ப வேலிய எடுக்கச் சொன்னீங்களா?" என்றாள் பூவம்மா அக்கா.

அவர் தரையைப் பார்த்தார். "எனக்கு வேலை தர்றாராம். கெழமைக்கு ரெண்டு காலையில வந்து தண்ணி குடிச்சிட்டுப் போகணுமாம். கவ்வாத்த விடக் கூடக் கெடைக்கும்."

"சரின்னு சொல்லிட்டீங்களா?"

"வேணாம்னு சொல்லல."

அக்கா எழுந்து குடத்தை எடுத்தாள். அவர் தலையில் போடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"அப்ப அந்தக் கொளத்துல புலி தண்ணி குடிக்கலாம். அப்படித்தானே?"

"ஆமா."

"சிவானுஜா, ஒங்கிட்ட மஞ்சச் சாயம் இருக்கா?"

கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்குகளை எல்லாம் மஞ்சளில் தோய்த்தோம். வடிவேல் அண்ணனையே உட்காரவைத்துக் கரிக்கோடு போடச் சொன்னோம். பாவம், அவருக்கு அதைத் தவிரப் பரிகாரம் கிடையாது; ஒவ்வொருத்திக்கும் மீசைகூட வரைந்தார். பனி விலகாத காலையில் பெண்கள் எல்லோரும் வேலிக் கம்பியைத் தூக்கிப் பிடித்து உள்ளே நுழைந்தோம். வால் ஆளுக்கொன்று. வாளி ஆளுக்கு இரண்டு.

கரையில் கூட்டம் அன்றைக்கு அதிகம். வெளிநாட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். தூரக்கண்ணாடிகள் எங்கள் பக்கம் திரும்பின. நாங்கள் நாலு காலில் எல்லாம் நடக்கவில்லை. வேலைக்குப் போகிற பொம்பிளைக்கு அதற்கு நேரமேது. நேராகப் பீலியடியில் போய் நின்று, வரிசைப்படி வாளியை வைத்தோம். ஒருத்தி முகம் கழுவினாள். இன்னொருத்தி, போகிற போக்கில் இரண்டு துணியையும் அடித்துவிட்டாள்.

இந்திரஜித் முதலாளி ஓடிவந்தார். எங்கள் பக்கத்தில் வந்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"மரியாதையா வெளிய போங்க. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதா?"

பூவம்மா அக்கா வாளியைக் கீழே வைத்து, வாலை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "தெரிஞ்சா சொல்லுங்க மொதலாளி. அங்க உக்காந்திருக்கவங்களுக்கும் கேக்குற மாதிரி சத்தமா சொல்லுங்க. இது பூவம்மா, புலி இல்லன்னு சொல்லுங்க. அன்னைக்கு வந்தது யாருன்னு அவங்களே அடுத்து கேப்பாங்க."

அவர் திரும்பிக் கரையைப் பார்த்தார். படம் பிடிக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. ஹுமைத் வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு நின்றான். முதலாளி எங்களைப் பார்த்தார், மறுபடி அவர்களைப் பார்த்தார். கடையில் புடைவை கிழிசல் என்று திருப்பிக் கொண்டுபோனால் அவர்கள் வீட்டு ஆட்களுக்கு வருகிற அதே முகம்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார் கடைசியில்.

"இன்னைக்கு வாளி நெறையிற வரைக்கும்," என்றாள் பூவம்மா அக்கா. "நாளைக்கு வேலிக் கேட்டத் தொறந்து வச்சிருங்க, கம்பியில வாலு மாட்டுது. புலிக்கும் தெனமும் தாகம் எடுக்கும்ல?"