டெல்லிக்கு ஒரு குண்டு

டமார்!

சோதனை மேஜையின் கால் ஒன்று மடங்கியது. மேலே இருந்த துணிப்பை சரிந்து கீழே விழுந்தது. அதற்குள்ளிருந்து கரிய இரும்பு உருண்டை ஒன்று வெளியே வந்து, சிமெண்டுத் தரையில் கடகடவென்று உருளத் தொடங்கியது. பம்பாய் விமானத்துக்காக வரிசையில் நின்ற கோட்டுக்காரர்களும் பட்டுப்புடவைக்காரிகளும் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். உருண்டை அவசரமே இல்லாமல் போய், சப்-இன்ஸ்பெக்டர் தங்கப்பனின் பூட்ஸில் முட்டி நின்றது.

தங்கப்பன் குனிந்து பார்த்தார். சாத்துக்குடியைவிடக் கொஞ்சம் பெரியது. மேலெல்லாம் அரம் போட்ட கீறல். ஒரு பக்கம் துளையிட்டு ஈயத்தால் அடைத்திருந்தார்கள். அந்தத் துளையைப் பார்த்ததும் அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இது ஆருடெ?"

"என்னோடது சார்."

வரிசையிலிருந்து ஒரு பெண் முன்னே வந்தாள். இருபது வயது இருக்கும். நல்ல உயரம், அதற்கேற்ற தோள். உருண்டையை எடுக்கக் கையை நீட்டினாள்.

"தொடாதே!" என்று கத்தினார் தங்கப்பன். பிறகு திரும்பி, "மாரப்பா!" என்றார்.

கான்ஸ்டபிள் மாரப்பன் ஓடிவந்தார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொல்லங்கோட்டுக்காரர். வீட்டில் தமிழ், ஸ்டேஷனில் மலையாளம். தமிழ் பேசுகிறவர்கள் யார் மாட்டினாலும் விசாரிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"ஏனம்மிணி, இதென்னது?"

"குண்டுண்ணே."

மாரப்பன் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"எதுக்கு இது?"

"எறியறதுக்கு."

"எறியறதுக்கா! எங்கே எறியப் போறே?"

"டெல்லியில."

மாரப்பனைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழில் வெடிப்பதும் குண்டு, விளையாட்டுப் போட்டியில் எறிவதும் குண்டு, கொஞ்சம் சதை போட்டவரும் குண்டு. பத்திரிகையின் முதல் பக்கத்தில் வரும் குண்டுதான் மாரப்பனுக்குப் பழக்கம். கடைசிப் பக்கத்து விளையாட்டுச் செய்திகளை அவர் தொட்டதே இல்லை.

"சாரே, பாம்!" என்று அலறினார்.

விசில் பறந்தது. அது எமர்ஜென்சி காலம். போதாக்குறைக்கு விமானக் கடத்தல் செய்திகள் வேறு அடிபட்டுக்கொண்டிருந்தன. ஒரு நிமிஷத்தில் கூடம் காலியாயிற்று. சிவப்பு வாளிகள் வந்தன. ஒருவர் உருண்டையின் மேல் மணலைக் கொட்டினார். இன்னொருவர் அந்த மணலின் மேல் தண்ணீரைக் கொட்டினார்.

"ஐயையோ, துருப்பிடிச்சிரும் சார்!" என்றாள் அந்தப் பெண்.

அவள் பெயர் முத்துப்பேச்சி. கேரள மலையில், சாந்தன்பாறைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். மறுநாள் சாயங்காலம் டெல்லியில் அகில இந்தியத் தடகளப் போட்டி. கேரளப் பெண்கள் அணி முன்பே ரயிலேறிப் போய்விட்டது. போன இடத்தில் குண்டு எறிகிற பெண்ணுக்கு மணிக்கட்டு பிசகிவிட, இந்த வருஷம் இரண்டாவதாக வந்திருந்த முத்துப்பேச்சியை வரச்சொல்லித் தந்தி வந்தது. மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்ததால் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குத் தந்தி வந்து சேரவே தாமதமாகிவிட்டது. இனி ரயிலில் போனால் போட்டி முடிந்த மைதானத்தைத்தான் பார்க்க முடியும். லயத்து வீடுகள் எல்லாம் சேர்ந்து பணம் போட்டு, பம்பாய் வழியாக டெல்லிக்கு விமான டிக்கெட் எடுத்தன. அதுவரை அங்கே எல்லாரும் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

இந்த விமானம் போய்விட்டால் எல்லாம் போயிற்று.

"ஷாட்புட் சார் இது" என்றாள் முத்துப்பேச்சி, தங்கப்பனுக்குப் புரியும்படி.

தங்கப்பனுக்கு ஷாட்புட் தெரியும். அதனால்தான் அவருடைய சந்தேகம் இன்னும் கூடியது.

"ஷாட்புட்டு ஞான் கண்டிட்டுண்டு. கடையில வாங்கினா கம்பெனி பேர் இருக்கும். இதுல பேர் எங்கே? இது எங்கே உண்டாக்கியது?"

"எங்கப்பா செஞ்சாரு. ஃபேக்டரி ஒர்க்‌ஷாப்புல பிட்டரா இருக்காரு. பழைய ரோலர் இரும்பு சார்."

"அப்போ இந்தத் துளை?"

"எடை குறைஞ்சுச்சு. ஈயத்தைக் காய்ச்சி ஊத்தி அடைச்சாரு."

தங்கப்பன் மாரப்பனைப் பார்த்தார். மாரப்பன் தங்கப்பனைப் பார்த்தார். வீட்டில் செய்தது. உள்ளே ஏதோ ஊற்றி அடைத்தது. டெல்லியில் எறியப் போவது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"டவுனிலிருந்து ஆள் வந்து பரிசோதிக்கட்டும்" என்றார் தங்கப்பன். "அதுவரை குண்டும் போகாது, நீயும் போகாது."

"எப்ப சார் வருவாங்க?"

"நாளைக்கு."

முத்துப்பேச்சி திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால் விமானம் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. ஏறுவதற்கான படிக்கட்டை அதனருகே தள்ளிக்கொண்டு போனார்கள்.

மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஒரு பெண்மணி, காவலுக்கு நின்றவரின் கைக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள். வழியனுப்ப வந்திருந்த தாய் அழகுத்தாய். அன்றாடம் கொழுந்துக் கூடை சுமந்து காய்த்த தோள். பெயருக்கு ஏற்றாற்போல் முகம். அந்த முகத்தில் இப்போது அனல்.

"என்ன சாரே, எம்மகளைத் திருடி மாதிரி நிப்பாட்டி வச்சிருக்கீக?"

"நீங்க தமிழ்நாடா?" என்று கேட்டார் தங்கப்பன், புது வழியில் விசாரணையைத் தொடங்குகிறவர்போல.

"சாந்தன்பாறை."

"பாஷை தமிழாணல்லோ?"

"வீட்டுல தமிழ்தான் சார்" என்றாள் முத்துப்பேச்சி. இதுவரை இறங்கியிருந்த அவள் குரல் நிமிர்ந்தது. "எறியறது கேரளாவுக்கு. போன வருஷம் மாநிலப் போட்டியில ஜெயிச்சப்ப, மைக்குல கேரளத்திண்டெ முத்துப்பேச்சின்னுதான் கூப்பிட்டாங்க. அன்னிக்கு யாரும் என் பாஷையைக் கேக்கல."

தங்கப்பன் கான்டீன் பையன் கொண்டுவந்து நீட்டிய கிளாஸிலிருந்து ஒரு வாய் சாயா குடித்தார். பதில் யோசிக்க அது ஒரு வழி. அழகுத்தாய் விடவில்லை.

"அந்தக் கிளாஸைப் பாத்துப் புடிங்க சாரே. அதுல இருக்கற தூளு எங்க பொம்பளைக பறிச்சதாக்கூட இருக்கும். வெடிச்சுரப் போகுது!"

சுவரோரம் நின்ற போலீஸ்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, இருமுவதுபோல் சமாளித்தார்.

அப்போது விமான நிலைய அதிகாரி ஒருவர் மூச்சு வாங்க வந்தார். கேப்டன் கேட்கிறாராம். இன்னும் கொஞ்ச நேரம்தான் காத்திருக்க முடியுமாம்.

"சார், எறிஞ்சு காட்டட்டுமா?" என்றாள் முத்துப்பேச்சி.

"எறியறதோ? வெடிச்சால்?"

"ஏஞ் சாரே," என்றாள் அழகுத்தாய், "உங்க மேசையையே ஒடச்சுட்டு விழுந்துச்சே, அப்ப வெடிக்காததா இனிமே வெடிக்கப் போகுது?"

தங்கப்பன் மணலுக்குள் கிடந்த உருண்டையைப் பார்த்தார். வெளியே நின்ற விமானத்தைப் பார்த்தார். கடைசியாக அந்தப் பெண்ணின் தோளைப் பார்த்தார். ஆயுதம் வைத்திருக்கிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். அவர்கள் யாரும் இப்படி அதைத் துருவிலிருந்து காப்பாற்றத் துடித்ததில்லை.

"வா" என்றார்.

கட்டடத்துக்குப் பின்னால், விமானம் நிற்கும் இடத்தை ஒட்டி, மழையில் ஊறிய புல்தரை. ஓரமாகக் கல்வாழைச் செடிகள் வரிசையாகப் பூத்திருந்தன. போலீஸ்காரர்கள் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினார்கள். மாரப்பன் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டார். பக்கத்துக் கூடத்துக்கு ஓடியவர்கள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தார்கள். தங்கப்பன் மட்டும் நின்றார். நிற்கவேண்டியவர் அவர்தானே.

முத்துப்பேச்சி செருப்பைக் கழற்றினாள். குண்டில் ஒட்டியிருந்த ஈர மணலைத் தாவணியால் துடைத்தாள். தாவணி முனையை இடுப்பில் இறுகச் செருகினாள். குண்டைத் தாடைக்குக் கீழே கழுத்தோடு பொருத்திக்கொண்டு, எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றாள். அதுவரை கலங்கியிருந்த முகம் இப்போது அமைதியாக இருந்தது. குனிந்தாள், பின்னோக்கி வழுக்கினாள், சுழன்றாள்.

"ஹே!"

குண்டு போயிற்று. கல்வாழைப் பூக்களின் தலைக்கு மேலே, காக்கி உடைகள் பதுங்கியிருந்த மூட்டைகளையெல்லாம் தாண்டிப் போயிற்று. அது அவ்வளவு தூரம் போகும் என்று யாரும் எதிர்பார்க்காததால், எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

தொம்!

சேறு தெறித்தது. பாதிக் குண்டு மண்ணுக்குள் போய்விட்டது. அவ்வளவுதான்.

"வெடிச்சுதுங்களா?" என்றார் மாரப்பன், தலையைத் தூக்காமல்.

"வெடிச்சடோ. நல்லவண்ணம் வெடிச்சு" என்றார் தங்கப்பன்.

ஜன்னல்களுக்குப் பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. கண்ணாடியில் தட்டினார்கள், கதவில் தட்டினார்கள். தங்கப்பன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முத்துப்பேச்சியிடம் வந்தார்.

"மோளே, ஓடு! ப்ளேன் நிக்குது. குண்டைச் சாமானோட ஏத்தச் சொல்றேன். நாளைக்கும் இதுபோல எறியணும், கேட்டோ? கேரளத்துக்கு!"

"எறியறேன் சார்!"

தாயின் காலைத் தொட்டுவிட்டு முத்துப்பேச்சி விமானத்தை நோக்கி ஓடினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடினாள்.

புல்தரையின் இந்தக் கோடியில் சாமான் வண்டி புறப்படத் தயாராக நின்றது. "சீக்கிரம், சீக்கிரம்!" என்று வண்டிக்காரர் கத்தினார். குண்டோ அந்தக் கோடியில் சேற்றுக்குள் கிடந்தது. பிராயச்சித்தம்போல மாரப்பன் அதை எடுக்க ஓடினார். இரண்டு கையாலும் தோண்டி எடுத்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓரடி வைத்தார். பூட்ஸ் சேற்றில் புதைந்தது. அதைப் பிடுங்கினார், மற்றது புதைந்தது.

"ஏனுங்க, இது கையை விட்டு நழுவுதுங்க!"

வண்டிக்காரர் இஞ்சினைக் கிளப்பினார்.

அழகுத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்தரையைக் குறுக்கே கடந்தாள். "குடுங்க இங்கிட்டு" என்று மாரப்பனிடமிருந்து குண்டை ஒரே கையில் வாங்கினாள். மகள் செய்ததுபோலக் கழுத்தில் எல்லாம் வைக்கவில்லை. முழங்காலை மடக்கி, கையை இடுப்புக்குக் கீழே ஒரு வீச்சு வீசி எழுந்தாள்.

குண்டு வந்த வழியே திரும்பிப் பறந்தது. கல்வாழைகளுக்கு மேலே, மூட்டைகளுக்கு மேலே வந்து, முத்துப்பேச்சி நின்று எறிந்த அதே இடத்தில், சாமான் வண்டிக்குப் பக்கத்தில் தொம்மென்று விழுந்தது.

வண்டிக்காரர் வாயைப் பிளந்தார். ஜன்னல்களில் கைதட்டல்கூட எழவில்லை. விமானப் படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்த முத்துப்பேச்சி மட்டும் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. சிரித்துக்கொண்டே தாய்க்குக் கையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

"அம்மே..." தங்கப்பன் சேற்றை மிதித்துக்கொண்டே அழகுத்தாயிடம் வந்தார். "நிங்ஙளும் இது படிச்சதா?"

அழகுத்தாய் கையிலிருந்த சேற்றைச் சேலையில் துடைத்தாள்.

"எங்க சாரே படிச்சேன்? தெனமும் லயத்துக்கு முன்னால அவ எறியறா, அத அங்கிட்டு நின்னு திருப்பி எறியறது யாருன்னு நெனச்சீக?"